சொந்த வீட்டில் முதல் வருடம்: எதை முதலில் பார்ப்பது, பணம் எங்கே போகும்

வீடு வாங்குகிறவர்கள் மாதத் தவணைக்குக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். பத்திரச் செலவு, கிரகப்பிரவேசம், கட்டில், பீரோ வரைக்கும் கணக்கு இருக்கும். குடிவந்த பிறகு வருகிற செலவுக்குத்தான் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. வாடகை வீட்டில் குழாய் ஒழுகினால் வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் போதும். சொந்த வீட்டில் அந்தப் போனை எடுக்க யாரும் இல்லை.

சென்னையிலோ அதைச் சுற்றியோ முதல்முறையாக ஒரு தனி வீட்டை வாங்கிக் குடிவந்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வீடு புதிதாக இருந்தாலும் சரி, பழசாக இருந்தாலும் சரி. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று: நம் ஊர் வீடுகளில் வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை தண்ணீரில்தான் தொடங்குகின்றன. ஒழுகும் தளம், பொரியும் பெயின்ட், சுவரில் ஏறும் ஓதம், துருப்பிடித்த கம்பி, கரையான், ஷாக் அடிக்கும் சுவிட்ச் என எதை எடுத்தாலும் அடியில் போய்ப் பார்த்தால் ஈரம் இருக்கும். அதனால் உங்கள் வீட்டில் தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே வெளியேறுகிறது என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபால்ஸ் சீலிங், வால்பேப்பர், விலையுயர்ந்த பெயின்ட் எல்லாம் அதற்கு அப்புறம்.

முதல் வாரம்

காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பத்திரம் பதிவானதும் எல்லாம் தானாக உங்கள் பெயருக்கு வந்துவிடாது. பட்டா, சொத்து வரி, குடிநீர் வரி, மின் இணைப்பு ஆகிய நான்கையும் தனித்தனியாகச் சரிபார்த்து மாற்ற வேண்டும். மின் இணைப்பும் சொத்து வரியும் பழைய உரிமையாளர் பெயரிலேயே பல வருடம் கிடக்கும் வீடுகள் ஏராளம். பின்னால் கூடுதல் லோடு கேட்கும்போதோ வீட்டை விற்கும்போதோ அவரைத் தேடி அலைய வேண்டிவரும். அவர் இன்னும் போன் எடுக்கிற காலத்திலேயே கையெழுத்துகளை வாங்கிவிடுங்கள். பழைய பாக்கி ஏதும் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

சென்னை மாநகராட்சியில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. அரையாண்டின் முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 30க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. போனில் இந்த இரண்டு தேதிகளையும் போட்டு வையுங்கள்.

அடுத்து வீட்டுக்குள். மேல்தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பைப்புக்கும் ஒரு வால்வு இருக்கும். எந்த வால்வை மூடினால் எந்த பாத்ரூமில் தண்ணீர் நிற்கிறது என்று மூடித் திறந்து பார்த்து, பெயின்ட்டாலோ டேப் துண்டாலோ அடையாளம் போடுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு குழாய் கையோடு கழன்று வரும்போது இந்த அடையாளம்தான் உங்களைக் காப்பாற்றும். நெடுநாள் திருகாத வால்வு இறுகிப் போயிருக்கும். அதை இப்போதே மாற்றுவது நல்லது.

மின்பெட்டியிலும் இதே வேலை. எந்த எம்சிபி (லோடு மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டுங்கள். பெட்டியில் ஆர்சிசிபி இருக்கிறதா பாருங்கள். மின்கசிவு ஏற்பட்டால் நொடிக்குள் மின்சாரத்தைத் துண்டிப்பது அதுதான். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் உணர்திறன் உள்ளதைப் போடுவது வழக்கம். பல பழைய வீடுகளில் அது இருக்காது. உங்கள் வீட்டிலும் இல்லையென்றால், இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாச் செலவுக்கும் முன்னால் இதைச் செய்துவிடுங்கள். இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். டிரிப் ஆகவில்லையென்றால் அது வேலை செய்யவில்லை என்று பொருள். ‘அடிக்கடி டிரிப் ஆகிறது’ என்று சொல்லி அதைக் கழற்றி நேர் இணைப்பு கொடுக்கும் எலக்ட்ரீஷியனை இன்னொரு முறை கூப்பிடாதீர்கள். அது டிரிப் ஆவதற்குக் காரணம் எங்கோ ஒரு கசிவு. பெரும்பாலும் கீசரிலோ, மோட்டாரிலோ, ஈரம் புகுந்த வெளிச்சுவர் விளக்கிலோ இருக்கும்.

முதல் மாதம்

வீட்டில் தண்ணீர் வீணாகிறதா என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ராத்திரி எல்லாரும் தூங்கப் போகும் முன் மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு, காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்குள் போய்ப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. முதல் சந்தேகம் டாய்லெட் ஃப்ளஷ் தொட்டி மேல் இருக்கட்டும். அதில் சொட்டு நீலத்தைக் கொஞ்சம் விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாமல் விடுங்கள். டாய்லெட் பேசினில் நீலம் தெரிந்தால் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்துவிட்டது. சின்னச் சாமான்தான். ஆனால் கவனிக்காமல் விட்டால் மோட்டார் தினமும் கூடுதலாக ஓடும்.

மோட்டார் விஷயத்தில் பிளம்பரைக் கூப்பிடும் முன் நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. மோட்டார் ‘உம்’ என்று உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் கெப்பாசிட்டர் போயிருக்க வாய்ப்பு அதிகம். உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள், உறுமவிட்டால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், கருகிவிடும். கெப்பாசிட்டர் மாற்றுவது சின்னச் செலவு, காயில் கட்டுவது பெரிய செலவு. மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை என்றால் சம்ப்பில் (தரைக்கு அடியில் உள்ள தொட்டி) தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஏர் பிடித்திருக்கும், அல்லது உறிஞ்சும் பைப்பின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வில் குப்பை சிக்கியிருக்கும். இந்த இரண்டு நிலைமைகளையும் வார்த்தையில் சரியாகச் சொல்லத் தெரிந்தாலே ‘மோட்டாரையே மாத்தணும் சார்’ என்ற பேச்சு பாதி குறைந்துவிடும்.

கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. அதில் ஒரு படி இருப்பதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளுக்கும் விலை மாறுகிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய் வித்தியாசம். அதன் பின் விலைகள் ஏறியிருக்கின்றன. ஒரு எச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒழுகும் ஃப்ளஷ் தொட்டிக்கும் கரன்ட் பில்லுக்கும் உள்ள தொடர்பு புரியும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் கீசருக்குள் சுண்ணாம்பு படியும், குழாய் வாயில் உள்ள வலை அடைத்துக்கொள்ளும். வலையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்தால் தெளிந்துவிடும். கீசரை வருடம் ஒருமுறை திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அப்போதே உள்ளே இருக்கும் ஆனோடு கம்பி கரைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அந்தக் கம்பி தீர்ந்தால் அடுத்து அரிப்பது டேங்கைத்தான்.

பாதாளச் சாக்கடை வராத பகுதியில் வீடு என்றால் செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது கழிவை எடுத்தார்கள் என்று பழைய உரிமையாளரிடம் கேட்டு வையுங்கள். சிலர் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டி மூடியிருப்பார்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரியை வரவழைத்து எடுப்பது சரியான இடைவெளி. தரைத்தள டாய்லெட்டில் தண்ணீர் மெதுவாக இறங்குவதும், குழாயில் ‘களக் களக்’ என்று சத்தம் வருவதும் நிறைந்துவிட்டதற்கான அறிகுறி. ஒன்றை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் மறக்காதீர்கள்: தொட்டிக்குள் ஆளை இறக்கக் கூடாது. ‘ரெண்டு நிமிஷ வேலைதான், இறங்கிப் பாத்துடறேன்’ என்று அவரே சொன்னாலும் விடாதீர்கள். உள்ளே இருக்கும் விஷவாயு ஒரே மூச்சில் ஆளை மயக்கிவிடும். காப்பாற்ற இறங்கியவர்களும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் நம் மாநிலத்தில் திரும்பத் திரும்ப நடக்கின்றன. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் குற்றமாக்கியிருக்கிறது, வேலைக்கு வைத்தவரும் அதில் பொறுப்பாளி. சட்டம் இல்லாவிட்டாலும் உங்கள் வீட்டு வாசலில் ஓர் உயிர் போகக் கூடாது.

மழைக்கு முன்: ஆடி, ஆவணி, புரட்டாசி

சென்னைக்கு வருடத்தில் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம் எல்லாம் டிசம்பர் மாதத்தில்தான் வந்தன. அதனால் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள் உங்கள் வீட்டுக்கு முக்கியமானவை.

மொட்டை மாடிக்கு ஏறுங்கள். முதலில் பார்க்க வேண்டியது வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. ஒரு பக்கெட் தண்ணீரைப் பல இடங்களில் ஊற்றி, அது மழைநீர்க் குழாயை நோக்கி ஓடுகிறதா, நடுவில் குளம் கட்டுகிறதா என்று பாருங்கள். தேங்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் படம் எடுத்து வையுங்கள். அடுத்து கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை. தளம் ஒழுகும் வீடுகளில் பாதிக்கு மேல் குற்றவாளி நடுத்தளம் அல்ல, இந்த மூலைதான் என்பது என் கணிப்பு. அங்கே சிமென்ட்டால் சரிவாக உருட்டிப் பூசியிருக்க வேண்டும். நேர் மூலையாக இருந்தாலோ, முடி அளவு வெடிப்பு ஓடினாலோ அதுதான் நுழைவாயில். குழாய்கள், டிஷ் ஆன்டெனாக் கால், சோலார் ஹீட்டர் ஸ்டாண்டு, கேபிள் ஒயர் ஆகியவை தளத்தைத் துளைக்கும் இடங்கள் அடுத்த சந்தேகம்.

கைப்பிடிச் சுவரிலும் சன்ஷேடிலும் அரசங்கன்று, ஆலங்கன்று முளைத்திருந்தால் விரல் நீளம் இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். பறவை எச்சத்தில் வரும் இந்த விதைகள் சிமென்ட் வெடிப்பில் வேர் விட்டு, சுவரைப் பிளக்கும் அளவுக்கு வளரக்கூடியவை. மேலே வெட்டிவிட்டால் போதாது, திரும்பத் துளிர்க்கும்.

மழைநீர்க் குழாயின் வாயில் ஜல்லடை வையுங்கள். பக்கத்தில் தென்னையோ புங்கனோ இருந்தால் வாரம் ஒருமுறை கூட்டியே ஆக வேண்டும். ஒரே ஒரு காய்ந்த பாளை வாயை அடைத்துக்கொண்டால் மாடி முழுக்க முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், அந்த எடையும் ஈரமும் தளத்தின் மேல்தான். மழைநீர் சேகரிப்புத் தொட்டியையும் இப்போதே சுத்தம் செய்யுங்கள். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டபோது போட்ட குழிகள் பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கின்றன. மேல் ஜல்லியை அள்ளிக் கழுவி, மணலை மாற்றினாலே போதும். உப்புத் தண்ணீர் வரும் போர், நல்ல மழைக்குப் பிறகு சற்றுத் தெளிவதை நீங்களே பார்ப்பீர்கள்.

தாழ்வான பகுதி என்றால் சம்ப் மூடியின் விளிம்பு தரையை விட உயரமாக இருக்க வேண்டும். சாலையை மேல் மேலாகப் போட்டு வீடு பள்ளத்தில் போன தெருக்களில் இது பெரிய பிரச்சினை. வெள்ளத் தண்ணீர் சம்ப்பில் கலந்துவிட்டால் முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் போட்டு எடுக்காமல் குடிக்கவோ சமைக்கவோ கூடாது.

மழை பெய்யும்போது

நல்ல மழை நாளில் குடையோடும் போனோடும் வீட்டைச் சுற்றி ஒருமுறை வாருங்கள். எந்த சன்ஷேடிலிருந்து தண்ணீர் சுவரோடு இறங்குகிறது, எந்த ஜன்னல் அடிக்கட்டையில் உள்ளே வருகிறது, அடித்தளத்தை ஒட்டி எங்கே தேங்குகிறது என்று வீடியோ எடுங்கள். பிப்ரவரியில் வரும் மேஸ்திரிக்கு இந்த வீடியோவை விட நல்ல விளக்கம் கிடையாது.

சுவரில் ஈரக்கறை தெரிந்தால் அதன் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். விரிசலுக்கும் அப்படியே: இரண்டு முனையிலும் கோடும் தேதியும். மூன்று மாதம் கழித்தும் கோட்டைத் தாண்டாத மெல்லிய விரிசல் பெரும்பாலும் பூச்சு விரிசல்தான். பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக ஓடுவதும் பொதுவாகப் பயப்பட வேண்டியதில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, அகலமாகிக்கொண்டே போகும் விரிசலுக்கும், தூணிலோ பீமிலோ வரும் விரிசலுக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். களிமண் பூமியில் கட்டிய வீடுகளில் மழையில் மண் உப்பி, கோடையில் சுருங்கும். அங்கே இந்தக் கவனம் கூடுதலாக வேண்டும்.

மரக் கதவு மழையில் ஊறி இறுகும். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்காதீர்கள். கார்த்திகையில் இழைத்த கதவு பங்குனியில் சுருங்கி இடைவெளி விடும். சமாளிக்க முடிந்தால் தை வரை பொறுங்கள்.

மழை விட்ட பிறகு: தை முதல் சித்திரை வரை

இனிமேல்தான் பணத்தை வெளியே எடுக்க வேண்டும். தளவேலைக்கும் ஈரத்தடுப்பு வேலைக்கும் தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அதற்குக் கோடைதான் காலம். ஐப்பசியில் ஒழுகுகிறது என்று ஐப்பசியிலேயே பூசுகிற பூச்சு ஈரத்தின் மேல் பிடிக்காமல் அடுத்த வருடமே உரியும். மழையின் நடுவில் தார்ப்பாய் விரிப்பது எவ்வளவோ மேல்.

செலவு செய்யும் முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று இடத்தை வைத்துப் பிரித்துப் பாருங்கள். சுவரின் அடியிலிருந்து முழங்கால் உயரம் வரை ஒரே சீராக உப்புப் பூத்துப் பெயின்ட் உதிர்ந்தால் ஓதம் தரையிலிருந்து ஏறுகிறது. கூரையின் மூலையில் என்றால் மேலே சொன்ன கைப்பிடிச் சுவர் மூலை. பாத்ரூமை ஒட்டிய சுவர் வருடம் முழுக்க ஈரமாகவே இருந்தால், சுவருக்குள் ஓடும் தண்ணீர் பைப் கசிகிறது. குளித்த பிறகு மட்டும் ஈரம் கூடினால் தரை டைல்ஸ் இடுக்கோ, தண்ணீர் வெளியேறும் தரை வாயில் உள்ள ட்ராப்போதான். அதை உறுதிசெய்ய ட்ராப் வாயைத் துணியால் அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீரை ஒரு நாள் நிறுத்திக் கீழ்வீட்டுக் கூரையைப் பாருங்கள். இந்தச் சோதனை எதையும் செய்யாமல் ‘மொத்த டைல்ஸையும் உடைச்சாத்தான் தெரியும்’ என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். பல நேரம் இடுக்குகளைச் சுரண்டி எபாக்சி (தண்ணீர் புகாத பசைக் கலவை) நிரப்பினாலே நின்றுவிடும்.

ஈரமான சுவரின் மேல் பெயின்ட் அடிப்பதும், டைல்ஸ் ஒட்டி மறைப்பதும் பணத்தைக் கரைக்கிற வேலை. ஈரம் பக்கத்துக்கு நகரும், உயரத்துக்கு ஏறும்.

கூரைக் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால் இன்னும் கவனம் வேண்டும். துருப்பிடிக்கும் கம்பி பருத்துப் பெருகும், அந்த அழுத்தம்தான் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கிறது. கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் இது சீக்கிரமே வரும். மேலே சிமென்ட் பூசி மூடினால் உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும். தளர்ந்த காரையை முழுக்கத் தட்டி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கம்பி பாதி தின்னப்பட்டிருந்தால் இன்ஜினியர் பார்க்காமல் தொடக் கூடாது.

கரையானும் ஈரத்தைத் தேடித்தான் வரும். சுவரில் மண்கோடு தெரிந்தால் துடைத்துவிட்டு விட்டுவிடாதீர்கள். கூடு தரைக்கு அடியில் இருக்கிறது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓர் அடிக்கு ஒன்றாகத் துளையிட்டு மருந்தை இறக்கி அடைப்பதுதான் முறை. அதோடு அங்கே ஈரம் வரும் வழியையும் அடைக்காவிட்டால் திரும்ப வரும்.

புது வீட்டை ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவான பில்டரிடம் வாங்கியிருந்தால் ஒரு செலவும் செய்யும் முன் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, சாவி கொடுத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் தெரிவிக்கும் கட்டுமான, வேலைத்தரக் குறைகளை 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டியது பில்டரின் பொறுப்பு. போனில் சொன்னது கணக்கில் வராது. படத்தோடும் தேதியோடும் மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ அனுப்புங்கள். உங்கள் செலவில் நீங்களே உடைத்துப் பூசிவிட்டால், பிறகு குறையைக் காட்டுவது கடினம்.

பணம் ஒதுக்குவது

வருடத்துக்கு வீட்டு மதிப்பில் 1 சதவீதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். சென்னையில் விலையின் பெரும்பகுதி மனைக்குத்தான் என்பதால் அதைக் கட்டடத்தின் மேல் மட்டும் போடுங்கள். 1,000 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கட்டடம் 22 லட்சம். வருடத்துக்கு 22,000, மாதத்துக்கு 1,850 போல. பதினைந்து வருடம் தாண்டிய வீடாக இருந்தால் இதை இரட்டிப்பாக்குவது நல்லது. முதல் ஐந்து வருடத்தில் செலவாகாமல் சேர்வது கண்டு அதில் கை வைக்காதீர்கள். வெளிப்பெயின்ட், தளவேலை, மோட்டார், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து நிற்கும்.

காப்பீடும் எடுங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ‘பாரத் க்ருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டைத் தருகின்றன. தீ, புயல், வெள்ளம் இதில் அடக்கம். கட்டடத்துக்கு எடுக்கும் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை வீட்டுச் சாமான்களுக்கும் சேர்ந்தே வரும். தேய்மானத்துக்கும் நாள்பட்ட ஓதத்துக்கும் பணம் வராது. மனை விலையைச் சேர்க்காமல், கட்டடத்தை மறுபடி கட்ட ஆகும் தொகைக்கு எடுத்தால் போதும்.

ஆட்களோடு வேலை

என்ன வேலை, எந்தப் பொருள், எத்தனை சதுர அடி, என்ன தொகை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். முன்பணமாக முழுதும் கொடுக்காதீர்கள். சாமான் செலவைச் சாமான் வந்ததும், கூலியை வேலையின் அளவைப் பார்த்தும் கொடுங்கள். ஈரத்தடுப்பு வேலையில் ஒரு பங்கை முதல் பெருமழை வரை நிறுத்தி வைப்பதாக ஆரம்பத்திலேயே சொல்லி ஒப்புக்கொள்ள வையுங்கள். பூச்சு முடிந்ததும் தளத்தில் இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள்.

சுவரை உடைத்தால், மூடும் முன் உள்ளே பைப்பும் ஒயரும் போகும் வழியைப் படம் எடுங்கள். மிஞ்சிய டைல்ஸில் பத்தை எடுத்து வையுங்கள், அந்த ரகம் இரண்டு வருடத்தில் கடையில் இருக்காது. பெயின்ட் டப்பாவின் நிற எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் மாடியில் வேலை செய்பவருக்குக் குடிக்கத் தண்ணீரும் மோரும் கொடுப்பதும், பேசிய கூலியை அன்றைக்கே கொடுப்பதும் நீங்கள் செய்ய வேண்டியவை. சின்ன வேலைக்கும் ஒழுங்காகக் கூலி கொடுக்கும் வீடு எது என்று பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் நன்றாகத் தெரியும். ஐப்பசி மழையில் பத்து வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் போன் வரும்போது, அவர்கள் முதலில் வண்டியை விடுவது அந்த வீட்டுக்குத்தான்.